குளிர்காலத்துக்கு முன் ஆர்வியின் பைப்புகள்: காற்றா, பிங்க் திரவமா, வெப்பமா?

குளிர்காலம் முடிந்து ஆர்வியை, அதாவது உள்ளேயே தங்கும் வசதியுள்ள வண்டியை, திறக்கிறீர்கள். தொட்டியை நிரப்பி பம்ப் சுவிட்சைப் போடுகிறீர்கள். எல்லாக் குழாயும் மூடியிருந்தால் கொஞ்ச நேரத்தில் அழுத்தம் ஏறி பம்ப் தானாக நின்றுவிட வேண்டும். நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தால் எங்கேயோ தண்ணீர் போய்க்கொண்டிருக்கிறது. அந்த "எங்கேயோ" பெரும்பாலும் சுவருக்குள்ளோ தரைக்கு அடியிலோதான் இருக்கும்.

எனக்கு முதல் குளிர்காலத்துக்குப் பிறகு நடந்தது இதுதான். வண்டியின் வெளிப்பக்கம் ஒரு சின்னக் கதவுக்குள் இருக்கும் ஷவரை நான் அடியோடு மறந்துவிட்டேன். அந்த வருடம் ஒரு தடவைகூடத் திறக்காத ஷவர். அதற்குள் தங்கி உறைந்த கால் டம்ளர் தண்ணீர் என் வேலையைக் கெடுக்கப் போதுமானதாக இருந்தது.

பைப்பில் தண்ணீர் உறைந்து உடைக்காமல் இருக்க, காற்றால் ஊதித் தள்ளுவது, உடைக்காத பிங்க் நிறத் திரவத்தைச் செலுத்துவது, வெப்பம் கொடுப்பது என்ற மூன்றில் எது நல்ல முறை என்று யாராவது கேட்டால் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். வண்டி குளிர்காலம் முழுக்க ஓரமாக நிற்கப் போகிறதா, நடுநடுவே வெளியே போகப் போகிறதா, இல்லை அதிலேயே குடியிருக்கப் போகிறீர்களா? மூன்றுக்கும் பதில் வேறு. (இங்கே பைப் என்றால் உள்ளே ஓடுவது, குழாய் என்றால் நாம் திறந்து மூடுவது. தமிழில் இரண்டையும் குழாய் என்றே சொல்லிக் குழம்புவதால் முன்பே சொல்லிவிடுகிறேன்.)

உடைவது எது?

தண்ணீர் உறையும்போது ஏறத்தாழ 9 சதவீதம் பெருக்கிறது. பனிக்கட்டி பைப்பின் சுவரைத் தள்ளிப் பிளக்கிறது என்றுதான் நாம் நினைக்கிறோம். பல நேரம் நடப்பது வேறு. பைப்பில் ஓரிடத்தில் பனிக்கட்டி அடைத்துக்கொள்ளும். அந்த அடைப்புக்கும் மூடிய குழாய்க்கும் இடையில் இன்னும் உறையாத தண்ணீர் சிக்கிக்கொள்ளும். கட்டி வளர வளர அந்தத் தண்ணீருக்கு ஒதுங்க இடமில்லை. அழுத்தம் ஏறிக்கொண்டே போய், இருப்பதில் எது பலவீனமோ அது விட்டுக்கொடுக்கும். அதனால்தான் உறைந்த இடம் ஒன்று, உடைந்த இடம் இன்னொன்று என்று இருக்கும்.

இப்போது பெரும்பாலான ஆர்விகளில் ஓடுவது பெக்ஸ் என்ற வளையும் பிளாஸ்டிக் பைப். அது கொஞ்சம் விரிந்து கொடுக்கும். விரியத் தெரியாதவை மற்றவை: இணைப்புகள், பம்ப்பின் தலைப்பகுதி, ஃபில்டர் கூடு, டாய்லெட்டின் தண்ணீர் வால்வு, குழாய்களுக்குள் இருக்கும் கார்ட்ரிட்ஜ். ஆக, நீளமான பைப்பைப் பற்றிய கவலையைவிட இந்தச் சின்னச் சாமான்களைப் பற்றிய கவலைதான் நியாயமானது.

முதல் பாதி எல்லோருக்கும் ஒன்றே

எந்த வழியில் போனாலும் முதலில் இருக்கிற தண்ணீரை வடித்தாக வேண்டும். கழிவுத் தொட்டிகள் இரண்டு, நல்ல தண்ணீர்த் தொட்டி, வண்டியின் அடியில் தாழ்வான இடத்தில் சூடான பைப்புக்கு ஒன்றும் பச்சைத்தண்ணீர் பைப்புக்கு ஒன்றுமாக இருக்கும் வடிகால்கள் என எல்லாவற்றையும் திறந்து விடுங்கள். ஃபில்டர் கார்ட்ரிட்ஜைக் கழற்றிவிடுங்கள். கூட்டை மட்டும் திரும்ப மாட்டுங்கள், அல்லது ஃபில்டரை ஒதுக்கிவிட்டுத் தண்ணீர் போக வழி இருந்தால் அதைத் திறந்துவிடுங்கள்.

வாட்டர் ஹீட்டரில் அவசரம் கூடாது. கேஸ், மின்சாரம் இரண்டையும் நிறுத்தி, தண்ணீர் நன்றாக ஆறும்வரை விட்டுவிட வேண்டும். பிறகு வண்டிக்குள் ஒரு சுடுதண்ணீர்க் குழாயைத் திறந்து அழுத்தத்தைப் போக்கிவிட்டுத்தான் வடிகால் மூடியில் கை வைக்க வேண்டும். அழுத்தத்தோடு மூடியைக் கழற்றினால் சூடான தண்ணீர் முகத்தில் பாயும். உள்தொட்டி எஃகாக இருந்தால் மூடியோடு சேர்ந்தே ஒரு நீளமான உலோகக் கம்பி வரும். தொட்டிக்குப் பதிலாகத் தான் அரிபடுவதுதான் அதன் வேலை. முக்கால்வாசி கரைந்திருந்தால் புதிது வாங்க வேண்டும். அலுமினியத் தொட்டி என்றால் வெறும் பிளாஸ்டிக் மூடிதான், கம்பி இருக்காது. இல்லாத கம்பியைக் காணோம் என்று பதற வேண்டாம்.

வடித்த பிறகு ஹீட்டரின் மின் சுவிட்சின் மேல் ஒரு துண்டு டேப்பை ஒட்டி வையுங்கள். தண்ணீர் இல்லாத ஹீட்டரில் மின்சாரம் பாய்ந்தால் உள்ளே இருக்கும் சூட்டுக் கம்பி சீக்கிரமே கருகிவிடும். வசந்தத்தில் பழக்கதோஷத்தில் கை அந்த சுவிட்சுக்குத்தான் முதலில் போகும்.

இதோடு நிறுத்திக்கொள்ளலாமா? சில வண்டிகளில் கிட்டத்தட்ட அப்படித்தான் வடிவமைத்திருக்கிறார்கள். ட்ரூமா நிறுவனத்தின் ஹீட்டர்கள் பலவற்றில் ஃபிராஸ்ட்கன்ட்ரோல் என்று ஒரு வால்வு உண்டு. வெப்பநிலை 3 டிகிரி செல்சியஸ் அளவுக்கு இறங்கினால் அது தானாகவே திறந்து தண்ணீரை வெளியே விட்டுவிடும். இந்த மாதிரி வண்டிகளில் எல்லாவற்றையும் திறந்து வடித்துவிட்டு, குழாய்களையும் திறந்தே வைத்துவிடுவது வழக்கம். ஹீட்டருக்குள் என்ன ஊற்றலாம், எதை ஊற்றக்கூடாது என்பதை அதன் கையேட்டைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். மற்ற வண்டிகளில் வெறும் வடிப்பை நம்ப எனக்கு மனம் வருவதில்லை. பைப் கொஞ்சம் தொங்கும் இடத்தில் தண்ணீர் தேங்கும், பம்ப்புக்குள் தங்கும், சிங்க்கின் அடியில் இருக்கும் வளைவில் எப்போதுமே நிற்கும்.

காற்று

வெளியிலிருந்து ஹோஸில் வரும் நகரத் தண்ணீரை இணைக்கும் வாயில் ஒரு சின்ன அடாப்டரைத் திருகி, கம்ப்ரசரை மாட்டி, ஒவ்வொரு குழாயாகத் திறந்து ஊதித் தள்ளுவது. கேட்க எளிது, செய்யவும் எளிதுதான். முடிந்ததும் பைப்பில் வேறெந்தத் திரவமும் இல்லை. வசந்தத்தில் வாசனை, நுரை என்ற தொல்லை இல்லை.

அழுத்தத்தை 40 பிஎஸ்ஐ அளவில் வையுங்கள், 50-ஐத் தாண்ட விடாதீர்கள். காற்றைத் திறக்கும் முன்பே ஏதாவது ஒரு குழாய் திறந்திருக்க வேண்டும். பலர் தவறு செய்வது அழுத்தத்தில் அல்ல, காற்றின் அளவில். டயருக்குக் காற்றடிக்கும் சின்னப் பெட்டி 100 பிஎஸ்ஐ என்று பெருமையாகக் காட்டும், ஆனால் அது விடும் காற்று ஒரு பெருமூச்சு அளவுதான். தண்ணீரைத் தள்ள வேண்டுமானால் தொட்டியுள்ள கம்ப்ரசர் வேண்டும். கம்ப்ரசரின் தொட்டியில் காற்று நிறைந்ததும் குழாயைத் திறந்து காற்றைச் செலுத்தி, தண்ணீர் சிதறிச் சிதறி வந்து கடைசியில் வெறும் காற்று வரும்வரை விட வேண்டும். பிறகு அடுத்த குழாய். பச்சைத்தண்ணீர், சுடுதண்ணீர் இரண்டும் தனித்தனி. டாய்லெட்டின் மிதியையும் அழுத்த வேண்டும், பக்கத்தில் கைத்தெளிப்பான் இருந்தால் அதையும். அப்புறம், என்னைப் போல வெளி ஷவரை மறந்துவிடாதீர்கள்.

ஒரு சுற்று போதாது. முதல் சுற்றில் காற்று தண்ணீரின் மேலாகவே வழி பண்ணிக்கொண்டு போய்விடும். ஓரங்களில் ஒட்டியிருந்தது மெல்ல இறங்கிப் பள்ளத்தில் சேரும். பத்து நிமிடம் கழித்து இன்னொரு தடவை ஊதினால், முடிந்தது என்று நினைத்த குழாயிலிருந்தே திரும்பவும் தண்ணீர் துப்பும்.

இந்த முறையின் பலவீனம் பம்ப். தண்ணீர் பின்னால் போகாமல் தடுக்கும் வால்வு அதற்குள் இருப்பதால், நகரத் தண்ணீர் வாய் வழியாக வரும் காற்று பம்ப்பைக் கடந்து தொட்டிப் பக்கம் போகாது. பம்ப்பைச் சில நொடிகள் காய்ந்த நிலையில் ஓடவிட்டு உள்ளே இருப்பதைத் துப்ப வைக்க வேண்டும். பம்ப்புக்கு முன்னால் மாட்டியிருக்கும் சின்ன வடிகட்டிக் கிண்ணத்தைக் கழற்றிக் கவிழ்க்க வேண்டும். அது மெல்லிய பிளாஸ்டிக், முதலில் விரிசல் விடுபவற்றில் ஒன்று. துணி துவைக்கும் இயந்திரமும் ஐஸ் மேக்கரும் உள்ள வண்டிகளில் காற்று மட்டும் போதவே போதாது.

காற்று முறை என்றாலும் பிங்க் திரவத்தை முழுக்கத் தவிர்க்க முடியாது என்பது இன்னொரு விஷயம். சிங்க், ஷவர் ஆகியவற்றின் கீழே இருக்கும் வளைவுகளில் நிற்கும் தண்ணீரை எந்தக் கம்ப்ரசரும் வெளியேற்றாது. ஒவ்வொன்றிலும் ஒரு பெரிய டம்ளர் ஊற்ற வேண்டும். கழிவுத் தொட்டிகளுக்குள்ளும் கொஞ்சம் விட்டால் அவற்றின் வால்வு உறையாது. சில வண்டிகளில் வளைவுக்குப் பதிலாக உள்ளே சவ்வு வைத்த நேர் வால்வு இருக்கும், அங்கே மட்டும் இது தேவையில்லை.

பிங்க் திரவம்

முதலில் எச்சரிக்கை. காரின் ரேடியேட்டரில் ஊற்றுவது எத்திலீன் கிளைக்கால், அது விஷம். குடிநீர் ஓடும் பைப்பில் அது ஒரு சொட்டுக்கூடப் போகக்கூடாது. ஆர்விக்கென்று விற்பது புரொப்பிலீன் கிளைக்கால், உணவுப் பொருட்களிலும் பயன்படுவது. இதிலேயே விலை மலிவாக எத்தனால் கலந்தவையும் கிடைக்கும். எத்தனால் தீப்பிடிக்கக்கூடியது, ரப்பர் சீல்களைக் காய வைக்கும், வாடையும் சீக்கிரம் போகாது. கேனின் பின்பக்கம் என்ன கலந்திருக்கிறது என்று படித்துவிட்டு வாங்குங்கள்.

கேனின் முன்பக்கம் பெரிதாக மைனஸ் 50 என்று எழுதியிருக்கும். அந்த எண்ணை இரண்டு விதத்தில் தப்பாகப் படிக்கிறோம். ஒன்று, அது ஃபாரன்ஹீட், செல்சியஸில் மைனஸ் 46-க்குப் பக்கம். இரண்டு, அந்த வெப்பநிலை வரை உறையவே உறையாது என்று அதற்கு அர்த்தமில்லை, அதுவரை பைப்பை உடைக்காது என்றுதான் அர்த்தம். மைனஸ் 10 செல்சியஸ் வாக்கிலேயே அது கூழ் மாதிரி ஆகத் தொடங்கிவிடும். கூழ் நகரும், இறுகிய பனிக்கட்டி மாதிரி அடைத்துக்கொண்டு நிற்காது. பாதுகாப்பு அங்கேதான் இருக்கிறது. இன்னும் கடுமையான குளிர் உள்ள இடங்களுக்கு மைனஸ் 100 ஃபாரன்ஹீட் என்று எழுதியதும் உண்டு.

இதனால் ஒரு முக்கியமான விளைவு: தண்ணீர் கலந்தால் அந்த எண்ணுக்கு மதிப்பில்லை. வடிக்காமல் ஊற்றினால், அல்லது மிச்சம் பிடிக்கலாம் என்று தண்ணீர் விட்டு நீட்டினால், கேனில் எழுதியது உங்கள் பைப்பில் இருக்காது. குழாயில் வெளிர் ரோஸ் நிறம் தெரிந்ததும் மூடிவிடாதீர்கள், கேனில் பார்த்த அதே அடர்த்தி வரும்வரை விடுங்கள்.

செலுத்த எளிய வழி, பம்ப்புக்கு முன்னால் ஒரு மூன்று வழி வால்வை வைத்து அதிலிருந்து ஒரு சின்ன ஹோஸைக் கேனுக்குள் விடுவது. பல வண்டிகளில் இது ஏற்கனவே இருக்கும். நல்ல தண்ணீர்த் தொட்டிக்குள் திரவத்தை ஊற்றி பம்ப் பண்ணுபவர்களும் உண்டு. தொட்டியின் அடியில் நிறைய வீணாகும், பிறகு கழுவவும் நேரமாகும். நான் அதைச் செய்வதில்லை.

ஹீட்டருக்குத் தண்ணீர் போகாமல் திருப்பிவிடும் பைபாஸ் வால்வுகளைத் திருப்ப மறந்தால் திரவம் முதலில் ஹீட்டரைத்தான் நிரப்பும். சாதாரண ஹீட்டர் 23 லிட்டர் பிடிக்கும், பெரியது 38 லிட்டர். பைபாஸ் சரியாக இருந்தால் நடுத்தர வண்டிக்கு 8 முதல் 12 லிட்டர் போதும். சுடுதண்ணீர்க் குழாயில் நெடுநேரம் நிறமே வரவில்லை என்றால் நிறுத்திவிட்டு பைபாஸைப் போய்ப் பாருங்கள்.

பிறகு வரிசையாகப் பச்சைத்தண்ணீர், சுடுதண்ணீர், டாய்லெட், வெளி ஷவர், இயந்திரங்கள். கடைசியில் பம்ப்பை நிறுத்தி, ஒரு குழாயைத் திறந்து அழுத்தத்தைப் போக்கிவிட்டு, நகரத் தண்ணீர் வாயில் இருக்கும் வலையை எடுத்து உள்ளே இருக்கும் வால்வை மெதுவாக அழுத்துங்கள். கொஞ்சம் பிங்க் வெளியே வரும். முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். பலர் விட்டுவிடும் இடம் இது, வசந்தத்தில் ஒழுகும் இடமும் இதுதான்.

எனக்கு இந்த முறையில் பிடித்ததே அந்த நிறம்தான். காற்று போய்ச் சேர்ந்ததா என்பதைக் காட்ட எதுவும் இல்லை, சத்தத்தை நம்ப வேண்டும். பிங்க் ஒவ்வொரு குழாயிலும் வந்து முகம் காட்டும். வராத இடம் எது என்றும் கண்ணால் தெரியும். வளைவுகளும் பம்ப்பும் தனியாக நினைவில் வைக்க வேண்டியவை அல்ல, போகிற போக்கிலேயே நிரம்பிவிடும்.

குறை என்றால் வசந்தத்தில்தான். கழுவக் கழுவ நுரை வரும், சுவையும் சில நாள் ஒட்டிக்கொண்டிருக்கும்.

வெப்பத்தோடு வாழ்வது

வண்டியிலேயே இருக்கப் போகிறவருக்கு மேலே சொன்ன இரண்டும் உதவாது. பைப்பில் தண்ணீர் ஓட வேண்டும், உறையவும் கூடாது. இங்கே முதலில் புரிந்துகொள்ள வேண்டியது, பைப்பைச் சுற்றும் காப்புறை வெப்பத்தை உண்டாக்காது, போவதைத் தாமதப்படுத்தும், அவ்வளவுதான். ஓர் இரவுக்கு உதவும், ஒரு வாரத்துக்கு உதவாது.

தொட்டிகளும் பைப்புகளும் தரைக்கு அடியில் ஒரு மூடிய அறை மாதிரி இடத்தில் இருந்தால், பல வண்டிகளில் அதற்கு வெப்பம் வருவது, வண்டியைச் சூடாக்கும் கேஸ் ஃபர்னஸிலிருந்து பிரியும் காற்றுக்குழல் வழியாக. கேஸை மிச்சம் பிடிக்கலாம் என்று வண்டிக்குள் ஒரு மின் ஹீட்டரை வைத்தால் தெர்மோஸ்டாட் திருப்தியாகிவிடும், ஃபர்னஸ் ஓடாது. உங்களுக்குக் கதகதப்பு, காலுக்குக் கீழே தொட்டி உறைந்துகொண்டிருக்கும். குடியிருப்பவர்கள் அதிகம் செய்யும் தவறு இதுதான் என்பேன்.

தொட்டிக்கு அடியில் ஒட்டும் சூட்டுத் தகடுகள் சுமார் 7 டிகிரியில் தானாக ஓடத் தொடங்கி 20 டிகிரி வாக்கில் நிற்கும். தொட்டி காலியாக இருக்கும்போது அவற்றைப் போடக்கூடாது. வெளித் தண்ணீருக்கு உள்ளே வயர் ஓடும் சூட்டு ஹோஸ் கிடைக்கும். அது இல்லையென்றால் பகலில் தொட்டியை நிரப்பிக்கொண்டு ஹோஸைக் கழற்றி வடித்துவிட்டு இரவில் பம்ப்பில் ஓட்டுவது நல்லது. கழிவுத் தொட்டியின் வால்வைத் திறந்தே வைத்து, குழாயைச் சொட்டவிட்டால் உறையாது என்று வீட்டு வழக்கத்தை இங்கே கொண்டுவரக்கூடாது. அந்தச் சொட்டே கழிவு ஹோஸில் படலம் படலமாக உறைந்து அடைக்கும். வால்வை மூடி வைத்து, நிறைந்ததும் ஒரே தடவையாகத் திறந்துவிடுங்கள்.

கேஸைப் பற்றி ஒரு வரி. பியூட்டேன் மைனஸ் 0.5 டிகிரிக்குக் கீழே ஆவியாகாது, புரொப்பேன் மைனஸ் 42 வரை ஆவியாகும். குளிர்காலத்தில் சிலிண்டரில் என்ன இருக்கிறது என்பது முக்கியம்.

"நான்கு பருவ வண்டி" என்று விளம்பரத்தில் சொல்வதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். ஐரோப்பாவின் ஈஎன் 1646 தரத்தில் மூன்றாம் நிலை என்று குறித்திருந்தால் அதற்குப் பொருள் உண்டு: வெளியே மைனஸ் 15 இருக்கும்போது உள்ளே 20 டிகிரி வர வேண்டும், தண்ணீரும் ஓட வேண்டும் என்று சோதித்திருக்கிறார்கள். அந்த மாதிரி எதுவும் இல்லையென்றால் பைப்புகள் எங்கே ஓடுகின்றன, அங்கே சூடு போகிறதா என்று நீங்களே குனிந்து பார்ப்பதுதான் வழி.

இந்த வழியின் ஆபத்து, ஒரே ஒரு இரவில் மின்சாரமோ கேஸோ நின்றால் மொத்தமும் போய்விடும். வண்டியில் தங்குபவர்கள் அதைக் கவனித்துவிடுவார்கள். ஓரமாக நிறுத்திவிட்டு ஃபர்னஸைக் குறைவாக ஓடவிட்டுப் போகிறவர்களுக்கு இது சூதாட்டம்.

என் தேர்வு

மாதக்கணக்கில் நிற்கப் போகும் வண்டி, முதல் தடவை செய்கிறவர், கம்ப்ரசர் இல்லாதவர் என்றால் பிங்க். தயங்க வேண்டியதே இல்லை. குளிர் எவ்வளவு கடுமையோ அவ்வளவு அதற்கே என் ஓட்டு.

நல்ல கம்ப்ரசர் வைத்திருந்து, வண்டியின் பைப் எங்கே வளைகிறது என்றுகூடத் தெரிந்தவருக்குக் காற்று வசதி. குளிர்காலத்தில் நாலைந்து தடவை தண்ணீர் நிரப்பி, திரும்ப வடிக்க வேண்டியவருக்கும் அதுவே. ஒவ்வொரு தடவையும் பத்து லிட்டர் திரவம் வாங்கி, கழுவிக்கொண்டிருக்க முடியாது. வளைவுகளுக்கு மட்டும் ஒரு கேன் பிங்க் கையில் இருக்கட்டும்.

இரண்டு நாள் பயணம் என்றால் பைப்பை அப்படியே உறக்கத்தில் விட்டுவிட்டு கேனில் தண்ணீர் கொண்டுபோகலாம். வண்டிக்குள் சூடு இருக்கும், பைப்பில் தண்ணீர் இருக்காது. டாய்லெட்டுக்கு அதே பிங்க்கில் கொஞ்சம் ஊற்றினால் போதும். கொஞ்சம் முகாம் வாழ்க்கை மாதிரிதான், ஆனால் நிம்மதியாகத் தூங்கலாம். ஓடும் வண்டியில் காற்று அடிப்பதால் அடிப்பாகத்தின் சூடு நின்ற வண்டியைவிட வேகமாகப் போய்விடும் என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டையும் சேர்த்துச் செய்பவர்களும் இருக்கிறார்கள், முதலில் ஊதித் தள்ளிவிட்டு பிறகு பிங்க். மீதித் தண்ணீர் இல்லாததால் திரவம் நீர்க்காது, குறைவாகவும் போதும். பழைய வண்டியில் நான் இதைத்தான் செய்கிறேன். அரை நாள் வேலை.

வசந்தத்தில் எந்த முறையாக இருந்தாலும் தொட்டியைக் கிருமிநீக்கம் செய்துவிடுங்கள். வாசனை சேர்க்காத சாதாரண பிளீச் 57 லிட்டருக்கு 60 மில்லி கலந்து, எல்லாக் குழாயிலும் அந்த வாடை வரும்வரை திறந்து, சில மணி நேரம் விட்டுவிட்டுக் கழுவ வேண்டும். பிறகு பம்ப்பைப் போட்டு எல்லாவற்றையும் மூடிவிட்டு, வண்டிக்குள் சத்தமில்லாமல் பத்து நிமிடம் உட்காருங்கள். யாரும் குழாயைத் திறக்காதபோது பம்ப் நடுவில் ஒரு முறை "டுக்" என்று உறுமினாலும், டார்ச்சை எடுத்துக்கொண்டு வெளி ஷவரிலிருந்து தேட ஆரம்பியுங்கள்.